இதர செலவு

பாம்பன் பாலம் இறங்கியதும்
கடலைப் பார்த்துக் கண்ணாடி போட்ட கடை.
இனிப்பு மட்டும்தான்.
சோறு எப்போ வரும் என்று கேட்ட ராக்குவிடம்
வராதும்மா என்றான் பையன்,
இழவு வீட்டில் பேசுகிற குரலில்.

குழுக் கணக்கில் கேட்பாரற்றுக் கிடந்தது
மூவாயிரத்து நூற்றுப் பத்து ரூபாய்.
பன்னிரண்டு பேர் இருந்த குழுவில்
இப்போது கடலுக்குப் போவது நாங்கள் நாலு பேர்.
பிரித்தால் சண்டை வரும், தின்றால் வராது
என்றது பூமயில்தான்.
அவளுக்குச் சக்கரை வேறு.
மாத்திரையை முந்தியில் முடிந்துகொண்டு வந்திருந்தாள்.

எங்களை விட்டால் இன்னொரு மேசையில் மட்டும் ஆள்.
கோயிலில் தீர்த்தமாடிய ஈரத்தலையோடு
புதுமாப்பிள்ளையும் பெண்ணும்.
வந்ததையெல்லாம் படம் எடுத்தார்கள்.
தின்றதாகத் தெரியவில்லை.

அட்டையில் இருந்ததை
ஞானசுந்தரி எழுத்துக்கூட்டினாள்.
சாயல்குடிக் கருப்பட்டி நுரை.
புகை போட்ட தேங்காய்ப்பாலில் கீழக்கரைத் தொதல்.
உப்புத் தூவிய ஏதோ ஒன்று.
விலையை மட்டும்
எழுத்துக்கூட்டாமலே படிக்க முடிந்தது.

முதல் தட்டு முறம் அளவு.
நடுவில் புளியங்கொட்டை அளவு இனிப்பு.
மிச்ச இடமெல்லாம் எதுக்குத் தம்பி என்றேன்.
பார்க்கிறதுக்கு என்றான்.
பார்த்தோம்.

கருப்பட்டி நுரை
நாக்கில் வைத்ததும் காணாமல் போனது.
பொய் சொன்ன மாதிரி இருந்தது.
ஆனாலும் நல்ல பொய்,
இன்னொரு தடவை சொல்லு என்று கேட்கலாம்.
ஒரு வாய் என்று ஆரம்பித்த பூமயில்
என் கிண்ணத்தையும் வழித்துவிட்டு
மாத்திரையைப் பிரித்தாள்.

மூன்றாவதாக வந்தது நடுங்கியது.
கண்ணாடிக் கிண்ணம், நிறமே இல்லை,
உள்ளே மாட்டிக்கொண்ட ஒரு ரோஜா இதழ்.
மேசையில் வைத்த பிறகும் நிற்காமல் ஆட
சொறி! என்று
நாற்காலியிலேயே காலைத் தூக்கிக்கொண்டாள் ராக்கு.
போன ஆடியில்
சொறி பட்டு முகம் வீங்கி
நாலு நாள் கஞ்சி இறங்காமல் கிடந்தவள்.

பையன் பயந்துபோனான்.
கடல்பாசியில் செஞ்சதும்மா, சைவம்தான் என்றான்.
ஆழத்தில், பாறை இடுக்கில் கிடைக்கும் என்றான்.
யாரோ முங்கிப்போய் எடுத்து வருவார்களாம்.
நன்றாகவே சொன்னான்.
நடுவில் பேசாமல் கேட்டுக்கொண்டோம்.

ஞானசுந்தரி
மேசைக்கடியில் கையைக் கொண்டுபோனாள்.
துணி சுற்றிய விரலிலும்
பாறை தின்றது போக மிச்சந்தான் நகம்.
நான் மறைக்கவில்லை.
எனக்குக் கரண்டி பிடிக்க வேண்டியிருந்தது.

பூமயில் கடித்தாள். யோசித்தாள். மறுபடி கடித்தாள்.
மரிக்கொழுந்துப் பாசி இல்ல இது, கஞ்சிப்பாசி.
மரிக்கொழுந்துன்னா இன்னும் வெறப்பா நிக்கும்.
யார்ட்ட தம்பி வாங்குறீங்க,
நல்லா ஏமாத்திருக்கான்.

வெள்ளைத் தொப்பிக்காரர் உள்ளேயிருந்து வந்தார்.
நெற்றி முழுக்க வேர்வை, காரைக்குடிப் பக்கத்துப் பேச்சு.
ரசீதின் பின்பக்கம் எழுதிக்கொண்டார்:
மரிக்கொழுந்து.
காஞ்சது கிலோ என்ன விலைக்குத் தருவீங்க?
நாலு பேரும் ஒரே நேரத்தில்
நாலு விலை சொன்னோம்.
வராது என்று நினைத்த சண்டை
அங்கேதான் வந்தது.
புதுமாப்பிள்ளை அதையும் படம் எடுத்தான்.

கணக்கு நோட்டு என்னிடம்.
இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது.
இதர செலவு என்று எழுதி
பேங்க்காரர் கேட்பாரே என்று அடித்து
மேலே எழுதினேன்:
பாசி திரும்ப வாங்கிய வகையில்.

ராக்கு அதைத் தொடவே இல்லை.
ஆடி ஓயட்டும் என்று
கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஓயவில்லை.
பாலத்தில் ரயில் வந்துகொண்டிருந்தது.