ஏழு பூச்சுப் பச்சை

வண்டிக்கு என்னைவிட இரண்டு வயது குறைவு.
ட்ரெகாரன் மலைச்சரிவில் அதை ஓட்ட
இரண்டு கை போதும்;
இடது கால் ஒன்று போதாது.
கிளட்சை மிதிப்பது
சினையாட்டைக் கொட்டிலுக்குள் தள்ளுவது மாதிரி.
நான் தள்ளுவேன், அது தள்ளும்,
யாராவது ஒருவர் சலிக்கும்வரை.

செப்டம்பரில் முழங்கால் டாக்டர் கேட்டார்,
என்ன விளையாட்டு ஆடுகிறீர்கள் என்று.
லேண்ட்ரோவர் என்றேன்.

இத்தெல் நம்பவில்லை.
அவன் கால் நாற்பது வருடமாக
எதைப் பற்றியும் புகார் சொன்னதில்லை.
ஆனாலும் பெட்விரைக் கூப்பிட்டான்.
பெட்விர் வந்தான்,
சங்கிலிக் கிரேனும்
யாருக்கும் கொடுக்காத ஒரு பிளாஸ்க் தேநீருமாக.

கியர்பாக்ஸை அடியிலிருந்து இறக்குவார்கள்
என்றுதான் நினைத்திருந்தேன்.
இல்லை, இந்த ஜாதி வண்டிக்கு
வயிற்றைத் திறந்து மேலே தூக்க வேண்டும்.
சீட்டு போனது. சீட்டுக்கு அடிப்பெட்டி போனது.
தரைத்தகட்டின் திருகுகளில் பதினொன்று
தலையை மட்டும் கொடுத்துவிட்டு
உடம்பை வைத்துக்கொண்டன.
உள்ளே கிடந்தவை:
ஆட்டுக்குக் குறிபோடும் நீலக்கட்டி,
ஒற்றைக் கையுறை,
எண்பத்தொன்பதாம் வருட இன்சூரன்ஸ் காகிதத்தில்
ஓர் எலி கட்டிய வீடு.

இரண்டாம் நாள் மழை தகரத்தை அடித்துக்கொண்டே இருந்தது.
கிரேனில் கியர்பாக்ஸ் ஊசலாட
பழைய தட்டை வெளியே எடுத்தார்கள்.
ரொட்டித்தோல் அளவுக்குத் தேய்ந்திருந்தது;
ஆணித்தலைகள் வெள்ளிபோல் மின்னின.
அப்போதுதான் எனக்கு விளங்கியது
இதன் விசித்திரம்:
அழுத்தினால் விடும்,
விட்டால் பிடிக்கும்.
இத்தனை வருடம் நான் மல்லுக்கட்டியது
ஒன்றை விடவைப்பதற்கு.

புதியதில் சுருள்வில் இல்லை.
விரல் விரலாகப் பிளந்த ஒரே எஃகு வட்டம்.
துடைப்பக் கட்டையில் டேப் சுற்றி
மையம் பார்த்தான் பெட்விர்,
ஒரு கண்ணை மூடிக்கொண்டு.

நான் சும்மா நின்றேன்.
சும்மா நிற்பவளின் கை சும்மா இருக்குமா?
எதனோடும் இணைக்காமல் தொங்கிய பெடலை
உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தேன்.
அதே கனம்.
கையை எடுத்தேன்.
பெடல் எழவில்லை.
அழுத்திய இடத்திலேயே, கீழேயே,
கோபித்துக்கொண்ட பிள்ளைபோல.

மூவரும் அதைப் பார்த்தோம்.
யாரும் பேசவில்லை.
பெட்விர் கத்தியை எடுத்துப்
பெடல் பெட்டியின் தலையைச் சுரண்டினான்.
பச்சைக்கு அடியில் பச்சை,
அதற்கும் அடியில் வேறொரு பச்சை.
ஏழு எண்ணினேன்.
ஏழாவதற்குக் கீழே
சட்டைப் பொத்தான் அளவில் ஒரு திருகுமூடி.
எண்ணெய் ஊற்றுவதற்கென்று
தொழிற்சாலைக்காரன் விட்டுவைத்த வாய்.

சில வசந்தங்களில், குட்டிபோடும் காலம் முடிந்ததும்
இத்தெல்தான் பூசுவான், தூரிகையால்,
நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு,
ஒரு முனை விடாமல்.
அந்த நேரத்து முகம் எனக்குப் பிடிக்கும்.
இப்போது அந்த முகத்தை
நான் பார்க்கவில்லை.

வீட்டிலிருந்தது தையல் மெஷின் எண்ணெய்தான்.
அரைக் கோப்பை குடித்தது.
இருபது தடவை கையால் அழுத்தினேன்;
கீச்சிட்டது, முனகியது,
பிறகு சத்தமே இல்லாமல் மேலே வந்தது.

"அப்படியானால் இந்த மூன்று நாள்?" என்றான் இத்தெல்.
பெட்விர் தேய்ந்த தட்டைத் தூக்கிக் காட்டினான்:
"கிறிஸ்துமஸுக்குள் இது உன்னை
மலைமேல் நிறுத்தியிருக்கும்."
நிஜமோ, இரக்கமோ. தெரியாது.
சொல்லிவிட்டு
பிளாஸ்கை இத்தெலிடம் நீட்டினான்.

வெள்ளிக்கிழமை காலை
பழைய பலத்தோடு மிதித்தேன்.
கால் காற்றை மிதித்தது போலத் தரையில் மோதியது;
திடுக்கிட்டுக் காலை எடுத்தேன்.
வண்டி ஆட்டுக்குட்டிபோல் ஒரு துள்ளு துள்ளி
கேட் கம்பத்தில் போய் நின்றது.
முன்தகட்டில் சின்னச் சிராய்ப்பு.

மாலையில் இத்தெல்
பச்சை டப்பாவை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு நடந்தான்.
நான் டேப்பை எடுத்துக்கொண்டு
அவனுக்கு முன்னால் போனேன்.
முழங்கால் வலித்தது,
இருந்தும் முன்னால்தான்.