தேறியது

இந்தக் கிடங்குக்கு இரண்டு பூட்டு.
ஒரு சாவி எர்மெலிண்டா கொலாசோவின் இடுப்பில்.
இன்னொன்று அரசாங்கத்துடையது.
அரசாங்கம் என்றால் இங்கே நான்:
ஸ்ரீபாத் நாக்வேங்கர், கலால் இன்ஸ்பெக்டர், கேபெம் சரகம், கோவா.
பதினோரு வருஷமாய் இந்த வாசனையில்தான் சம்பளம்.
ஒரு துளி நாக்கில் பட்டதில்லை.

மே மாதம். தகரக் கூரை முறுகுகிறது.
இருநூற்றுப் பதினான்காம் பீப்பாயின் அடைப்பை
மரச் சுத்தியால் இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று
தட்டித் தளர்த்துகிறான் கயித்தான்.
அளவுகோலை நான் இறக்குகிறேன்.
ஏழு வருஷம் முன்பு ஊற்றியது இருநூறு லிட்டர்.
தேறியது தொண்ணூற்று நான்கு.

மீதி?

படிவத்தில் அதற்கொரு கட்டம்: சேதத்துக்குக் காரணம்.
ஆவியாதல் என்று எழுதுவேன்.
ஸ்காட்லாந்தில் இதைத் தேவதைகளின் பங்கு என்பார்களாம்.
அங்கே நூற்றுக்கு இரண்டோடு
கை கழுவி எழுந்துவிடுகிற தேவதைகள்.
எங்களிடம் வருகிறவை
பந்தியில் சம்மணமிட்டு மறுசோறு கேட்கின்றன.
வெயில், கடற்காற்று, பலகை இடுக்கு,
யார்மேல் வழக்குப் போடுவது?
பணாஜியிலிருந்து ஒருமுறை விளக்கம் கேட்டார்கள்.
கூரையைப் பார்த்தபடி
மூன்று நாள் பதில் எழுதினேன்.

இன்று எர்மெலிண்டாவுக்கு ஜலதோஷம்.
திங்கட்கிழமையிலிருந்து மிளகும் கற்பூரமும் ஒன்றுதான் அவளுக்கு.
இறக்குவதா, இன்னொரு கோடை விடுவதா,
இன்றே சொல்லியாக வேண்டும்.
தாமு விரதம்.
கயித்தான் வாயில் எந்நேரமும் புகையிலை.
மொட்டுப்போல் வாய் குவிந்த கண்ணாடியை
என் பக்கம் நகர்த்தினாள்.

வேலியைக் கூப்பிட்டு
மேயச் சொல்கிறாள்.

"நல்லாயிருக்கு என்று சொல்லாதீர்கள்.
நான் கேட்க விரும்புவதையும் சொல்லாதீர்கள்.
இருப்பதைச் சொல்லுங்கள்."

மாதிரி, இருபது மில்லி, என்று முதலில் பதிவேட்டில் எழுதினேன்.
பிறகு குடித்தேன்.

சுடுகிறது, என்றேன்.
"அறுபத்தொரு சதவீதம் என்று
நீங்கள்தானே அளந்தீர்கள்," என்றாள்,
சொட்டுக்குழலால் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டபடி.

பொன்னில் எண்ணெய்போல் ஏதோ சுருண்டு கலைந்தது.
மூக்கை உள்ளே விட்டேன்.
பாகு கொஞ்சம் பிடித்துவிட்ட வெல்லப் பாத்திரம்.
அப்புறம், எப்படிச் சொல்வது,
கல்யாணக் கூட்டம் எல்லாம் போனபிறகு
மடக்கி அடுக்கிய வாடகை நாற்காலிகள்.
அவள் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டாள்.
ராஜஸ்தான் பார்லி என்று மூட்டையில் போட்டிருந்தது நினைவிருக்கிறது.
பார்லியைத் தேடினேன். கிடைக்கவில்லை.
முடிவில் ஒரு கசப்பு,
ஆரஞ்சுச் சுளையில் ஒட்டியிருக்கும் வெள்ளை நார்.

"கசப்பு எப்போது வந்தது?
விழுங்கியதுமா, கொஞ்சம் பொறுத்தா?"
எண்ணவில்லை, என்றேன்.
"எண்ணுவதுதானே உங்கள் வேலை."

இன்னொரு இருபது மில்லி. இன்னொரு கையெழுத்து.
விழுங்கிவிட்டு விரல் மடக்கினேன்.
ஐந்தில் வெல்லம் இருந்தது.
ஆறில் இருந்ததா இல்லையா தெரியவில்லை.
ஏழில் நார்.

எர்மெலிண்டா கைக்குட்டைக்குள் ஒரு தும்மல் தும்மினாள்.
"மரம் குறுக்கே பேச ஆரம்பித்துவிட்டது.
இன்னும் ஒரு கோடை விட்டால்
அது மட்டும்தான் பேசும்.
கயித்தான், இறக்கு."

தொண்ணூற்று நான்கு லிட்டரின் தலையெழுத்து
என் சுண்டுவிரல் அடுத்த விரலில் முடிந்துபோனது
எனக்கு உறுத்தியது.
தப்பாக எண்ணியிருந்தால்? என்றேன்.
"இத்தனை வருஷமாய் உங்கள் எண்ணிக்கையில்தான்
வரி கட்டுகிறோம்."

இரண்டு பூட்டையும் பூட்டினோம்.
அவள் சாவி முதலில், என்னுடையது பிறகு.

மட்காவ் பேருந்தில் ஜன்னலோரம்
சும்மா எண்ணிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.
ஏழில் ஒன்றும் வரவில்லை.
நாற்பது தாண்டியும் இல்லை.
சந்தோர் ரயில்வே கேட்டில் வண்டி நின்று
எண்ணிக்கை விட்டுப்போன நேரம்,
நாக்கின் பின்பக்கம்,
வெல்லம்.