புல எண் 417

ரெட்டியார்பட்டி சாலையில்
மருதம் கார்டன், ஃபேஸ் டூ.
வயலே பார்த்திராத பொட்டலுக்கு அப்படி ஒரு பெயர்.
வளைவுக்குள் நுழைந்தால் தண்ணீர்த் தொட்டி,
கண் திறக்காத பிள்ளையார்,
எட்டாவது குறுக்குத் தெரு முனையில்
வெயிலுமுத்து பண்ணை வீடு.
நுழைவுச் சீட்டு இருபது ரூபாய். கேமராவுக்கு ஐம்பது.

முப்பத்தாறாம் மனைக்காரர்கள் வர இன்னும் அரைமணி நேரம்.
ஆனிக் காற்று கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டது.
சீட்டு வாங்கினேன்.

இந்த வீடு பிழைத்தது யார் பாசத்தாலும் இல்லை.
மனைப்பிரிவில் பத்தில் ஒரு பங்கு
திறந்தவெளியாக விட வேண்டும், விதி.
இடிக்கிற கூலியைக் கணக்குப் பார்த்து முதலாளி சொன்னார்:
"என்னத்துக்கு இடிச்சுக்கிட்டு? கெடக்கட்டும்.
பூங்கான்னு போட்டுருங்கம்மா."
போட்டேன்.
வரைபடத்தின் கீழ் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும்:
ஜெ. ஸ்டெல்லா பொன்மலர், நில அளவர்.
அன்றைக்கு வெளிச்சுவரை மட்டும்தான் அளந்தேன்.
உள்ளே நாய் இருந்தது.

இன்று உள்ளே குளிர்ச்சி.
கை தானாகச் சுவரை அளக்கிறது,
இரண்டு சாண், நாலு விரல்.
பித்தளைச் சட்டத்தில் ஓர் அறிவிப்பு:
'1908இல் வெயிலுமுத்து அவர்கள்
உடைமரக் காட்டைத் தன்னந்தனியாக வெட்டித் திருத்தி,
கிணறு தோண்டி,
முதன்முதலில் குடியேறினார்.'

தன்னந்தனியாக.
அடுக்களையில் மூன்று உரல்.
சோற்றுப் பானைக்குள் நான் உட்காரலாம்.

கிணற்றடியில் கல்யாணத்துக்கு முந்தைய படப்பிடிப்பு.
கண்டாங்கிச் சேலையில் மணப்பெண்
வாளி இல்லாத கயிற்றை இழுக்கிறாள்,
மாப்பிள்ளை உருமாலை நழுவ நழுவச் சிரிக்கிறான்.
"அக்கா, கொஞ்சம் தள்ளிக்கோங்க, ஃப்ரேம்ல வாறீங்க."
தள்ளினேன், கிணற்றின் மறுபக்கம்.
கம்பி வலைக்குக் கீழே
அறுபது அடியாவது இருக்கும், பாதிக்கு மேல் பாறை.

வெயில் சாய்வாக விழுந்ததால் தெரிந்தது.
பாறை முழுக்கக் கடப்பாரைத் தழும்பு.
ஒரு வரிசை வலமிருந்து இடமாகச் சாய்கிறது,
பக்கத்து வரிசை நேர் எதிராக.
மறுபடி பார்த்தேன்.
ஆமாம்.
ஒருவருக்கு இடக்கை.
தோளோடு தோள் ஒட்டி இரண்டு பேர்,
மேலே மண்கூடை இழுக்க இன்னும் எத்தனை பேரோ.
அடி ஆழத்தில் தழும்புகள் குட்டையாகின்றன.
சோர்வாக இருக்கலாம்.
உளி மாறியிருக்கலாம்.
பிள்ளைகளை இறக்கியிருக்கலாம்.
சட்டத்தில் இடம் நிறையவே மிச்சம் இருக்கிறது.

மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால்
யாரும் போகாத மூலையில் பச்சை.
வெண்டைச் செடி, இரண்டு பாத்தி.
காவலாளி சோம்ரா பெயின்ட் டப்பாவோடு வந்து
என் தோளில் தொங்கிய டேப்பைப் பார்த்து நின்றுவிட்டான்.
"மேடம், எழுதாதீங்க."
ஊர் ஜார்க்கண்ட் பக்கம். வந்து எட்டு மாதம்.
மண்ணுக்கடியில் ஓட்டுச் சில்லு, சிமென்ட் பாளம்,
பொறுக்கவே ஒரு மாதம் ஆனதாம்.
"ராத்திரி மட்டும், மேடம். டூட்டி முடிஞ்சு."
கண்ணாலேயே அளந்துவிட்டேன்:
ஒன்பதுக்கு மூன்று.
பூங்கா நிலத்தில் ஆக்கிரமிப்பு.
அவன் குனிந்து நாலு காய் ஒடித்து
என் கையில் திணித்தான்.
இது லஞ்சமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன்.
பிஞ்சுக் காய்.

ஃபோன் அடித்தது.
முப்பத்தாறாம் மனை, முப்பத்தேழாம் மனை,
இரண்டு வீட்டாரும் வந்தாயிற்று, குரல் உயர்ந்தாயிற்று.
நடுச்சுவரில் எட்டு அங்குலம் யாருடையது?
"ஸார், நுனியைப் பிடிங்க" என்று டேப்பை விரித்தேன்.
காற்று அதை வில்லாக வளைத்தது.
விரலிடுக்கில் வெண்டைச் சுணை
அரித்துக்கொண்டே இருந்தது.