இருநூற்றுப் பத்து கிராம்

ஃபார்மலின் டப்பாவிலிருந்து எடுத்துத்
தராசில் வைத்தேன்.
இருநூற்றுப் பத்து.
முப்பத்திரண்டு வாரத்து நஞ்சுக்கொடிக்கு
இது போதாது.

நித்யகலா, இருபத்தாறு, வேலந்தாவளம்.
பிரஷர் நூற்றெழுபதுக்கு நூற்றுப்பத்து.
பேச்சு தமிழ், சீட்டு மலையாளம்,
என் ரிப்போர்ட் இங்கிலீஷில் போகும்.

கத்தி ஓரிடத்தில் நெருடியது.
வெளிறிய கட்டி,
வேகாத கிழங்கு மாதிரி.

லென்ஸுக்கடியில்
வாய் அகன்று தளர்ந்திருக்க வேண்டிய நாளங்கள்
பிள்ளை வந்த சேதியே எட்டாததுபோல்
குறுகி, முறுக்கிக்கொண்டு.
சுவரெல்லாம் நுரை நுரையாய்க் கொழுப்பு.

மூலத்தறையில் மதகு திறந்தும்
கடைமடைக்குத் தண்ணீர் ஏறாத வருஷம்
அண்ணன் பம்ப்செட்டை முழு வேகத்தில் விட்டான்.
குழாய் வெடித்தது.
இவள் உடம்பும் அதைத்தான் செய்திருக்கிறது,
கடைசி வயல் காய்கிறதே என்று
அழுத்தி, அழுத்தி.

ஊறுகாய் தின்னியா, கோவப்பட்டியா என்று
வார்டில் யாராவது கேட்டிருப்பார்கள்.
ரிப்போர்ட்டில் அதற்குக் கட்டமில்லை.
இருந்தால்
"அவள் ஒன்றும் செய்யவில்லை"
என்று நிரப்பியிருப்பேன்.

மூன்றாம் மாடியில்
கண்ணாடிப் பெட்டிக்குள் ஆயிரத்து நூறு கிராம்.
இன்றைக்கு அறுபது குறைந்துவிட்டதாம்,
நர்ஸிடம் அழுகிறாளாம்.

முதல் வாரம் எல்லாப் பிள்ளையும் குறையும்.
சொல்லி அனுப்பினேன்.