ஒரு குறை சொல்ல முடியாது

"ஃப்ரெஷ்ஷா ஏதாவது" என்று கேட்டபடிதான் வருவார்கள்.
கண் ஏற்கெனவே நீலக் குப்பியில் நிற்கும்.
காகிதப் பட்டையில் ஒரு தெளிப்பு,
இரண்டு விசிறல்,
மூக்குக்குக் கீழே நீட்டுவேன்.
பத்தில் எட்டுப் பேர் தலையசைப்பார்கள்.
விலை கேட்டபின் நான்கு பேர்.

காட்கோபரில் இந்த மாலின் தரைத்தளத்தில்
மூன்று வருஷமாக நிற்கிறேன்.
பெயர்ப்பட்டையில் இஷா.
தாராவியில் இசக்கியம்மாள்.
வாயில் சிக்காத பெயர் விற்பனைக்கு நல்லதாம்.

ஆள் எப்படி என்று நீங்கள் கேட்டால்
பெண் கொடுக்கப்போகிற வீட்டாரிடம் சொல்வதுபோல் சொல்கிறேன்:
நல்ல பையன்.
முதல் பத்து நிமிஷம் எலுமிச்சைத் தோல், கொஞ்சம் மிளகு,
கதவு திறக்குமுன்பே கை நீட்டுகிற ரகம்.
பிறகு சோப்பு.
ஆபீஸ் ஏசியில் மதியம் தாண்டியும் அதே சோப்பு.
சாயங்காலம் ஏதோ மரம் என்பான்,
என்ன மரம் என்றால் சிரிப்பான்.
குடி கிடையாது, கோபம் கிடையாது,
கடன் கிடையாது,
ஒரு குறை சொல்ல முடியாது.

நாலு சம்பந்தம் விசாரித்தவர்களுக்குத் தெரியும்
அந்தக் கடைசி வரியை
எந்தக் குரலில் சொல்வோம் என்று.

இரவு ஒன்பதரை ஸ்லோ லோக்கல்.
எங்கள் பெட்டிக்கும் ஆண்கள் பெட்டிக்கும் நடுவே கம்பித் தடுப்பு.
கண்ணை மூடி எண்ணுவேன்.
வித்யாவிஹார் வருவதற்குள் நான்கு,
குர்லாவில் ஏறியதில் இன்னும் மூன்று.
ஒருவன் வங்கி,
ஒருவன் ஜிம்மிலிருந்து நேரே வந்தவன்,
ஒருவன் போனில் யாரிடமோ அழுதுகொண்டிருக்கிறான்.
மூக்குக்கு எல்லாம் ஒரே பையன்.
அழுகிறவனிடம்கூட
குளித்துவிட்டு வந்த வாசனைதான்.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை
ரெயின்கோட்டு சொட்டச் சொட்ட சாவந்த் வந்தார்.
லிஃப்ட் மெக்கானிக்.
பத்து நாள் முன்பு நான் விற்ற குப்பி,
கால்வாசி காலி.
மனைவி சொன்னாராம்:
"உன் மேல எங்க மேனேஜர் வாசனை அடிக்குது."
மராத்தியில் அது இன்னும் கொஞ்சம் கேவலமாக இருந்தது.
பில் போடும் நீலிமா காம்ப்ளே
சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது.
திறந்த பொருளைத் திருப்பி எடுப்பதில்லை என்றேன்.
அவர் போகவில்லை.
கண்ணாடி மேஜைமேல் குப்பியை வைத்துக்கொண்டு நின்றார்,
போலீஸ் ஸ்டேஷனில் பையனைக் கூட்டிவந்த அப்பா மாதிரி.

எங்கே அடிக்கிறீர்கள்?
சட்டையில். ஆறு தடவை.

சட்டை வேண்டாம்.
பனியனுக்கு அடியில், நெஞ்சில், ஒரே ஒரு தடவை.
அப்புறம் அதை மறந்துவிட்டு வேலைக்குப் போங்கள்.
கமிஷன் கிடைக்காத யோசனை.
எனக்கே அதில் பெரிய நம்பிக்கை இல்லை.

ஆகஸ்டில் எங்கள் மூன்றாம் நம்பர் லிஃப்ட்
இரண்டு மாடிக்கு நடுவில் நின்றது.
பார்க்க வந்தவர் அவர்தான்.
வேலை முடிந்து கவுண்டரைக் கடந்தபோது
கிரீஸ், இரும்பு, நாள் முழுக்க உழைத்த உடம்பு,
அதற்கெல்லாம் அடியில் அந்த மரம்.
என்ன மரம் என்று இப்போதும் தெரியவில்லை.
ஆனால் இந்த முறை
அதில் யாரோ சாய்ந்து நின்றிருந்தார்கள்.

"வீட்ல இப்ப என்ன சொல்றாங்க?"

பையில் ஏதோ நட்டைத் தேடிக்கொண்டே சொன்னார்,
"ஒண்ணும் சொல்லல.
ஜன்னலத் தெறக்கறதில்ல."

அதற்குள் அடுத்தவன் வந்துவிட்டான்.
காதில் ப்ளூடூத், கண் நீலத்தில்.
பட்டையை எடுத்தேன்.
தம்பி, காகிதத்துக்கு வேர்க்காது என்று
சொல்ல வாயெடுத்து
இரண்டு தடவை விசிறினேன்.