ஆயிரத்து அறுநூற்று இருபது

பன்னிரண்டு காயில், ஒன்பது கெப்பாசிட்டர்,
பதினைந்து அலைவெண்.
பெருக்கினால் ஆயிரத்து அறுநூற்று இருபது சர்க்யூட்.
ஒன்றுக்குக்கூட நான் ஈயம் உருக்கவில்லை.
ஓசூர் சிப்காட்டில் கடைசி ஷிப்ட் பஸ் போன பிறகு
கணினிக்குள்ளேயே பிறந்து
நாற்பது மில்லிசெகண்ட் வாழ்ந்து
ஆளுக்கொரு வரி எண்ணை
விட்டுவிட்டுப் போயின.

காலையில் வரிசைப்படுத்தினேன்,
வீணாகும் வாட் குறைந்தது மேலே வர.
முதலில் வந்தது 1143.
காயில் ஐம்பத்து மூன்று.
கிடைத்துவிட்டது என்று
பர்கூரில் பம்ப் மாட்டப் போயிருக்கும்
நஞ்சுண்டனுக்குச் செய்தி அனுப்பினேன்.
அவர் பார்க்கவில்லை.

அப்புறம்தான் அக்கம்பக்கம் விசாரித்தேன்.
1142இல் அலைவெண் ஒரு படி கம்மி:
மின்னழுத்தம் துள்ளுகிறது, அடங்கவே இல்லை.
காயிலில் ஒரு படி ஏறிய அண்டை வீடு
பட்டியலில் நூற்று முப்பத்தைந்து வரி தள்ளி இருக்கிறது.
(மூன்று திசையில் வாழ்வதை
ஒற்றை வரிசையில் நிற்கவைத்தால் இப்படித்தான்.)
அங்கே மாஸ்பெட் எரிந்துபோயிருந்தது.

ஆக என் முதலிடம் ஒரு போர்வெல்.
ஆறரை அங்குல வாய்,
ஆயிரத்து இருநூறு அடி.
ஒரு சாண் தள்ளிப் போட்டிருந்தால் வெறும் கருங்கல் தூள்.

பர்ச்சேஸில் ஜபீனா சிரித்தாள்:
"ஐம்பத்து மூணா?
நாற்பத்தேழு இருக்கு, அறுபத்தெட்டு இருக்கு.
அதுவும் இருபது பர்சென்ட் முன்ன பின்ன."

வரிசையை மறந்துவிட்டு வண்ணம் தீட்டிப் பார்த்தேன்.
அறுபத்தெட்டைச் சுற்றி
ஏரி போல ஒரு நீலம்,
ஆழமில்லை. எங்கே இறங்கினாலும் முழங்கால் அளவு.
1143ஐ விட முக்கால் வாட் கூடுதலாகத் தின்கிறது.
எந்தப் பக்கம் தள்ளினாலும்
பேசாமல் வேலை செய்கிறது.
பட்டியலில் அதன் இடம் நானூற்றுப் பன்னிரண்டு.

திம்மராஜ் சார் எட்டிப் பார்த்தார்.
"பெஸ்ட் யாவுது?"
நானூற்றுப் பன்னிரண்டு என்றேன்.
தமிழில் ஒரு தடவை, தெலுங்கில் ஒரு தடவை
அதையே கேட்டுவிட்டு
டீ குடிக்கப் போனார்.

மத்தியானம் நஞ்சுண்டனிடமிருந்து படம் வந்தது.
மாந்தோப்பு ஓரம், நிழல் விழாத கம்பத்தில்
நம் தகர டப்பா, மூடியின் மேல் ஓர் ஓணான்.
கீழே ஒரே வரி:
"டப்பால கை வைக்க முடியல மேடம்."

ஓணான் எப்படி வைத்தது என்று
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெயிலை நான் சேர்க்கவே இல்லை.
இருபத்தைந்து டிகிரி என்று
எவனோ எப்போதோ போட்டுவைத்தது
அப்படியே இருந்தது.

ஐந்து வெயில் சேர்த்தேன்.
எட்டாயிரத்து நூறு.
நீலம் அதே இடத்தில் இருக்குமா தெரியாது.
யுபிஎஸ் பேட்டரியை ஒருமுறை பார்த்துவிட்டு
ஓட விட்டேன்.