அயோடின்

மார்ச்சில் இடுப்பு வாரில் ஆணியால் புதுத் துளை போட்டான்.
ஏப்ரலில் இன்னொன்று.
தின்பதில் குறைவில்லை:
ஒரே அமர்வில் ஒரு முழு ரொட்டி,
மேலே விரற்கடை உப்பு வெண்ணெய்.
எல்லாம் எங்கே போகிறதென்று
நாய்கூட அவனைச் சுற்றி வந்து மோந்து பார்த்தது.

தாளம் தப்பிய இதயத்துக்கென்று தந்த மாத்திரை.
இரண்டு வருடம் இதயம் சொன்னபடி கேட்டது.
முகம்தான் வெயில் பட்டு நீலம் பாரித்தது.
ரோஸ்கோஃப் துறையில் பையன்கள்
"மூழ்கினவன் எழுந்து வர்றான்" என்றார்கள்.
எர்வான் சிரித்தான்.

அதற்குள் இருப்பது அயோடினாம்,
எடையில் மூன்றிலொரு பங்குக்கும் மேல்.
ஒருகாலத்தில் இந்தக் கரையில்
கடற்பாசி எரித்து அயோடின் எடுத்தார்கள்.
அந்தக் குழிகளில் இப்போது
சுற்றுலாக்காரர்கள் உட்கார்ந்து சாண்ட்விச் தின்கிறார்கள்.

ஸ்டீராய்டு ஐந்து வாரம்.
இரவு இரண்டு மணிக்கு எழுந்து வலை பொத்தினான்.
கை நடுக்கத்தில் முடிச்செல்லாம் கோணல்.
"மாத்திரையை நிறுத்தினால்?"
"நிறுத்தினாலும் மாதக்கணக்கில் கொழுப்பில் தங்கும்.
தவிர, அது இல்லாமல் இதயம் நிற்கும்.
தைராய்டை எடுத்துவிடலாம்."

டாக்டர் லு கோஃப் ரசீதின் பின்புறம் வரைந்தாள்,
வண்ணத்துப்பூச்சி மாதிரி என்றாள்.
எர்வான் தாளைத் திருப்பிப் பார்த்து
"நண்டு" என்றான்.
அன்று அவன் பேசியது அவ்வளவுதான்.

நண்டுக்குப் பின்னால் ஒரு நரம்பு,
தூண்டில் நரம்பைவிடச் சற்றே தடிமன்.
அறுந்தால் குரல் போகும்.
பேசாத மனுஷனுக்குக் குரல் எதற்கென்று
காரில் நான்தான் சிரித்தேன்.
வீடு வந்ததும்
அவன் என்றோ போனில் விட்ட செய்தியைத் தேடினேன்:
"லேட்டாகும். காத்திருக்காதே."
ஏழு முறை கேட்டேன்.

பிரெஸ்ட்டில் மழை.
மூன்று மணி நேரம், நான்கு காபி,
ஒன்றைக் குடித்தேன்.

கழுத்தில் கட்டுடன் படுத்திருந்தான்.
உதட்டில் எறும்பு ஊர்வதாகச் சைகை.
நர்ஸ் கால்சியம் ஏற்றினாள்.
பிறகு, சரளையில் படகு இழுப்பதுபோல,
"படகில தண்ணி இறைச்சியா?"

இல்லை என்றேன்.
திட்டினான்.
முழு வாக்கியத்தில்.

இப்போது காலையில் இரண்டு மாத்திரை.
ஒன்று, வெட்டியெடுத்ததன் வேலையைப் பார்க்க.
இன்னொன்று அதே பழையது, அதே டப்பா.
முதலாவதுக்குப் பிறகு அரை மணி நேரம் காபி கூடாது.
அந்த அரை மணியும் ஜன்னலருகே நின்று
கடலைத் திட்டுகிறான்.